நாய்க்கு முடி வெட்ட எத்தனை புத்தகம் வேணும்?

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. பில்ட் ஓடிட்டு இருக்கற கேப்ல படிச்சுடலாம்னு வந்தவங்க ஒரு டீ வாங்கிட்டு வந்து உக்காந்துடுங்க. நாய்னா அலர்ஜிங்கறவங்களும் படிக்கலாம், கடிக்காது.

"நாய்க்கு முடி வெட்டறதுக்கெல்லாம் புத்தகமா?" ரெண்டு மாசமா நான் இந்தப் பேச்சை எடுத்தப்ப எல்லாம் எதிர்ல இருந்தவங்க கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆபீஸ்ல கேட்டாங்க, வீட்டுல கேட்டாங்க, பழைய புத்தகக் கடைக்காரர் கேட்டார் (அவர் கேட்டது கொஞ்சம் கேவலமா இருந்துச்சு). ஆனா கேள்வி நியாயமானதுதான். பதில் தேடிப் போனா ஆயிரம் வருஷத்துக்கு மேல பின்னாடி போக வேண்டியதாயிடுச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். பள்ளிக்கரணையில எங்க தெருவுல ஒரு தம்பி இருக்கான். டிப்ளமா முடிச்சவன். இப்போ நாயைக் குளிப்பாட்டி, சிக்கு எடுத்து, முடி வெட்டி, நகம் வெட்டி விடற வேலையைக் கத்துக்கறான். டாக் க்ரூமிங்னு போர்டு போடறாங்களே, அது. வேளச்சேரி – தாம்பரம் ரோட்டுல அபார்ட்மெண்ட் பெருகப் பெருக, ஷிட்சு, கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கின்னு முடி புசுபுசுன்னு இருக்கற நாய்களும் பெருகிப்போச்சு. அதனால வேலைக்குப் பஞ்சம் இல்லை. பையன் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, கையில பத்தாயிரம் சேத்து வெச்சிருக்கேன். புக்கு வாங்கட்டுமா, இல்ல இன்னொரு கிளிப்பர் வாங்கட்டுமா? எங்க கடை அண்ணன், எல்லாம் வீடியோ பாத்தே கத்துக்கலாம்டாங்கறாரு."

பத்தாயிரம்ங்கறது அவனுக்குப் பெரிய காசு. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனசு வரலை. சரி, நாய்ங்கற விஷயத்தைப் பத்தி யார், எப்போ, யாருக்காக எழுதி வெச்சிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

யானைக்கு சாஸ்திரம், குதிரைக்கு சாஸ்திரம்

நம்ம ஊர்ல மிருகங்களைப் பத்தி எழுதவே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. யானைக்கு கஜ சாஸ்திரம் இருக்கு. குதிரைக்கு அசுவ சாஸ்திரம் இருக்கு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் ரெண்டையுமே அச்சுல கொண்டுவந்திருக்கு. மாட்டுக்கு மாட்டு வாகடம்னு தமிழ்லயே உண்டு, கழிச்சல் வந்தா என்ன மூலிகை, எந்த இடத்துல சூடு போடணும்னு வரைக்கும்.

நாய்க்கு? அங்கதான் இடிக்குது.

நாயைத் தமிழனுக்குத் தெரியாதுன்னு இல்லை. ஞமலி, ஞாளின்னு சங்க இலக்கியத்துல பேர் பேரா வருது. தொல்காப்பியம் மரபியல்ல எந்த மிருகத்தோட குட்டியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும்னு பெரிய லிஸ்டே இருக்கு. அதுல நாய், பன்றி, புலி, முயல் நாலுக்கும் குட்டிக்குப் பேர் குருளை. திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது. தொறு மீட்கப் போய் செத்த வீரனோட கல்லுலயே அவனோட நாயையும் செதுக்கி, அதோட பேர் கோவிவன்னும் எழுதி வெச்சிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, 1400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாயோட பேர் நமக்குத் தெரியுது. ஆனா அந்த கோவிவனுக்கு உண்ணி எடுத்தது யாரு, எப்படி எடுத்தாங்கன்னு ஒரு வரி கிடையாது.

பக்கத்துல கல்யாணிச் சாளுக்கிய நாட்டுல, 12-ஆம் நூற்றாண்டுல, மூன்றாம் சோமேஸ்வரன்னு ஒரு ராஜா மானசோல்லாசம்னு சமஸ்கிருதத்துல ஒரு பெரிய என்சைக்ளோபீடியா எழுதினான். சமையல், சங்கீதம், நகைன்னு எல்லாம் இருக்கற புத்தகம். அதுல நாய்களை வெச்சு விளையாடற வேட்டைக்குன்னே ஒரு பகுதி உண்டு. நாய் புத்தகத்துல ஏறுது, ஆனா ராஜாவோட பொழுதுபோக்குக்குள்ள ஏறுது.

இதுல ஒரு கணக்கு புரியுது. யானையும் குதிரையும் அரசனோட படை. மாடு விவசாயியோட மூலதனம். மூணுமே செத்தா பெரிய நஷ்டம், அதனால எழுத்து வந்துச்சு. நாய் இருந்தது வேட்டைக்காரன்கிட்டயும், ஆடு மேய்க்கிறவன்கிட்டயும். அவங்களுக்குத் தெரிஞ்சது ஏராளம். அப்பன் பிள்ளைக்குச் சொன்னான், பிள்ளை பேரனுக்குச் சொன்னான். எழுதறவன் யாரும் அந்தப் பக்கம் போகலை. நம்ம பாஷையில சொன்னா, ப்ராடக்ட் இருக்கு, பல தலைமுறையா ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டு இருக்கு, டாக்குமெண்டேஷன் மட்டும் இல்லை.

துரை வீட்டு நாயும் டாக் பாயும்

அடுத்து வெள்ளைக்காரன் காலம். துரைங்க வரும்போதே நாய்களையும் கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்க. ஃபாக்ஸ்ஹவுண்ட், ஸ்பேனியல், டெரியர்னு குளிர் நாட்டு நாய்கள். அதுங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே? தனியா ஒரு வேலைக்காரனை வெச்சுக்கிட்டாங்க. வடக்கே அவனுக்கு டோரியான்னு பேர், டோரின்னா கயிறு. ஹாப்ஸன் ஜாப்ஸன்னு 1886-ல வந்த பிரபலமான அகராதியில இந்த வார்த்தைக்கு இடம் இருக்கு. அந்த அகராதியைத் தொகுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்னல், நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். பல வீடுகள்ல துப்புரவு வேலை செய்யறவர் தலையிலயே நாய் வேலையையும் சேர்த்துக் கட்டிடுவாங்க.

1888-ல ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர்னு ரெண்டு துரைசானிகள் சேர்ந்து இந்தியாவுல குடித்தனம் நடத்தறதுக்கு ஒரு கைடு எழுதினாங்க. வேலைக்காரங்களை எப்படி வேலை வாங்கணும், மாடு கோழி எப்படி வளர்க்கணும்னு சொல்ற அந்தப் புத்தகத்துல நாய்க்கும் ஒரு அத்தியாயம் இருக்கு. அந்தப் புத்தகம் பல பதிப்பு போச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. புத்தகத்தைப் படிச்சது துரைசானி. நாயைத் தொட்டது டாக் பாய். படிச்சவங்க கையில சோப்பு படலை, சோப்பு பட்டவன் கையில புத்தகம் படலை. பாஷையும் வேற வேற. துரைசானி ஆர்டர் போடுவாங்க, இவன் செய்வான், தப்பானா திட்டு வாங்குவான். தினமும் நாயைத் தடவறதால எந்த நாய்க்கு எங்க கட்டி வந்திருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கிறவன் இவன்தான். ஆனா அவன் கண்டுபிடிச்சது எதுவும் அச்சுல ஏறலை. எங்க தெருத் தம்பியோட கேள்விக்கு வேர் இங்கதான் இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. வேலை செய்யறவனுக்கும் புத்தகத்துக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளி இன்னும் மூடலை.

முடி வெட்டற புத்தகம் எங்க பொறந்துச்சு?

இப்போ ஐரோப்பா பக்கம் ஒரு சின்ன ட்ரிப். 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பாரிஸ்ல ஸேன் நதிப் பக்கம் தெருவோரமா உக்காந்து நாய்க்கு முடி வெட்டறவங்க இருந்தாங்க. ஆம்பளைங்க மட்டுமில்ல, பொம்பளைங்களும். நம்ம ஊர்ல மரத்தடியில கண்ணாடியை மாட்டி சவரம் பண்ணுவாங்களே, அது மாதிரி. முக்கியமான கஸ்டமர் பூடில் நாய். பூடில் உண்மையில தண்ணியில நீந்தி, சுட்டு விழுந்த வாத்தைக் கவ்விட்டு வர்ற நாய். நீந்த இடைஞ்சலா இருக்கற முடியை வெட்டிட்டு, நெஞ்சுலயும் மூட்டுலயும் மட்டும் குளிர் தாங்க விட்டு வெச்சாங்கன்னு அந்த சிங்க ஸ்டைலுக்குக் காரணம் சொல்லுவாங்க. வேலைக்காக வெட்டினது அப்புறம் ஃபேஷன் ஆயிடுச்சு.

அவங்ககிட்டயும் புத்தகம் கிடையாது. புத்தகம் வந்தது போட்டி வந்தப்புறம்தான். 1859-ல இங்கிலாந்துல நியூகாஸில்ல நாய்க் கண்காட்சி நடந்துச்சு. போட்டின்னா ஜட்ஜ் வேணும், ஜட்ஜுக்கு ரூல் வேணும். ஸ்டோன்ஹெஞ்ச்ங்கற புனைபெயர்ல எழுதின வால்ஷ், 1867-ல பிரிட்டிஷ் தீவுகளோட நாய்களைப் பத்தி ஒரு புத்தகம் தொகுத்தார். எந்த நாய்க்குக் காது எப்படி இருக்கணும், முடி எவ்வளவு இருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மார்க்னு சொல்ற ஸ்பெக் டாக்குமெண்ட்னு வெச்சுக்கோங்க. 1873-ல லண்டன்ல கென்னல் கிளப், 1884-ல அமெரிக்கன் கென்னல் கிளப். முடி வெட்டற புத்தகங்கள் எல்லாம் இந்த ஸ்பெக்கைத் தொட்டு வந்தவைதான். ஸ்பெக்ல சொன்ன உருவம் வரணும்னா எங்க எவ்வளவு வெட்டணும்ங்கறதுதான் அதுல விஷயம்.

நடுவுல மெஷின் வந்துச்சு. அமெரிக்காவுல லியோ வால் 1919-ல எலக்ட்ரிக் கிளிப்பருக்கு பேட்டண்ட் கேட்டார். ஆண்டிஸ் கம்பெனி 1922, ஆஸ்டர் கம்பெனி 1924. தம்பி பையில இருக்கற கிளிப்பர் எல்லாம் இந்தப் பரம்பரைதான். மனுஷனுக்காகக் கண்டுபிடிச்ச மெஷின் நாய்க்கு வந்தப்போ பிளேடுக்குத் தனி நம்பர் வந்துச்சு. இந்த நம்பர்லதான் ஒரு வில்லங்கம் இருக்கு. மனுஷன் சலூன்ல 1, 2, 3ன்னு கிளிப்பர்ல மாட்டற சீப்பு இருக்கே, அதுல நம்பர் ஏற ஏற முடி நீளமா நிக்கும். நாய் பிளேடுல நேர் எதிர். 7-ஆம் நம்பர் சுமார் 3.2 மில்லிமீட்டர் விடும், 10-ஆம் நம்பர் 1.5 மில்லிமீட்டர், 30 போட்டா அரை மில்லிமீட்டர், 40 போட்டா கால் மில்லிமீட்டர், அதாவது ஆபரேஷனுக்கு வழிக்கிற மாதிரி. சலூன்ல வேலை பார்த்துட்டு இந்தப் பக்கம் வர்ற பசங்க நிறைய பேர். "பெரிய நம்பர் சேஃப்"னு அவன் நினைச்சா நாயோட தோல் போச்சு. ஒரு பக்க அட்டவணை இருந்தா தப்பிக்கலாம். புத்தகம் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

இந்த வகைப் புத்தகங்கள்ல ரெண்டைச் சொல்லலாம். பென், பேர்ல் ஸ்டோன் தம்பதி எழுதின கைடு 1981-ல வந்துச்சு. மெலிஸா வெர்ப்ளாங்க் எழுதின 'நோட்ஸ் ஃப்ரம் த க்ரூமிங் டேபிள்' 2004-ல வந்து, 2016-ல ரெண்டாம் பதிப்பும் வந்துச்சு. அந்தத் தொழில்ல இருக்கறவங்க மேஜைப் பக்கத்துலயே வெச்சுக்கற புத்தகம். படம் படமா இருக்கும், இங்கிலீஷ் கம்மியா தெரிஞ்சாலும் பாதி புரியும். ஒரு குறை என்னன்னா, இதெல்லாம் அமெரிக்காவுல இருந்துட்டு அமெரிக்க நாய்ப் பட்டியலுக்கு எழுதினது. மே மாசம் சென்னையில 40 டிகிரிக்கு மேல கொளுத்தும்போது ஹஸ்கியை என்ன பண்றதுங்கறது அவங்க பிரச்சனை இல்லை.

இங்க என்ன நடக்குதுன்னா, "பாவம் சார், வெயில் தாங்கல, மொத்தமா வழிச்சு விட்டுடுங்க"ன்னு ஓனரே கேக்கறார். கடையிலயும் வழிச்சுடறாங்க. கோல்டன், ஹஸ்கி மாதிரி நாய்க்கு ரெண்டு அடுக்கு முடி. அடி முடியைச் சீவி எடுத்து காத்தோட்டம் விட்டா போதும். ஒட்ட வழிச்சா நேர் வெயில் தோல்ல விழும், சில நாய்க்குத் திரும்ப முடி திட்டுத்திட்டாதான் வளரும், சிலதுக்கு மாசக்கணக்குல வளராமலே போகும். வீடியோவுல வழிக்கிறது மட்டும்தான் வரும், ஆறு மாசம் கழிச்சு அந்த நாயோட முதுகு எப்படி இருந்துச்சுன்னு வராது.

மெட்ராஸ் கொடுத்த அலமாரி

இதுவரைக்கும் படிச்சுட்டு, "எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானா"ன்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. நாயோட தோலுக்கும் ரத்தத்துக்கும் வர்ற வியாதிங்கற அலமாரியில மெட்ராஸுக்குப் பெரிய இடம் இருக்கு. தேடினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

துரைங்க இங்க நரி வேட்டைக்குன்னு மெட்ராஸ் ஹண்ட்னு ஒண்ணு நடத்திட்டு இருந்தாங்க. இங்கிலாந்து நரி இங்க ஏது, குள்ளநரியைத் துரத்தினாங்க. (கிண்டி தேசியப் பூங்காவுல இன்னைக்கும் குள்ளநரி உண்டு.) அந்த வேட்டை நாய்கள் ரத்தத்துல புதுசா ஒரு கிருமி இருக்கறதை பேட்டன்ங்கற ஐ.எம்.எஸ். டாக்டர் பார்த்தார். அப்புறம் குள்ளநரி ரத்தத்துலயும் அதே கிருமி. 1910-ல ஒரு பிரெஞ்சு ஜர்னல்ல எழுதினார். அதுக்கு இப்போ பேர் பபீசியா கிப்சோனி. உண்ணி வழியா பரவும், ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், நாய் சோந்து போய், ஈறு வெளுத்து, கவனிக்காம விட்டா செத்துடும். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கற இந்த வியாதியைப் பத்தின முதல் கட்டுரை மெட்ராஸ் நாய்களை வெச்சு எழுதப்பட்டது!

இது க்ரூமருக்கு எதுக்குன்னு கேக்கறீங்களா? உண்ணியை முதல்ல பார்க்கிறவன் அவன்தான். ஓனர் தலையைத் தடவுவார், டாக்டர்கிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை ஊசிக்குப் போவார். காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலுக்கு அடியில எல்லாம் கை விட்டுப் பார்க்கிறது மாசாமாசம் குளிப்பாட்டறவன் மட்டும்தான். ஈறு வெளுத்திருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சா, "சார், முடி அப்புறம் வெட்டலாம், முதல்ல வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லுவான். ஒரு உயிர் மிஞ்சும்.

இன்னொண்ணு. நம்ம ஏரியா சதுப்பு நிலம். 2022-ல ராம்சார் பட்டியல்லயே சேர்ந்துடுச்சு, பறவை பார்க்கிறவங்களுக்கு சந்தோஷம். மழைக்காலத்துல பள்ளிக்கரணையில துவைச்ச துணி மூணு நாள் ஆனாலும் காயாது, அதுல தொங்கற காது நாய்க்குக் காது எங்க காயும்? உள்ள ஈஸ்ட் வளர்ந்து நாத்தம் அடிக்கும். அந்த ஈஸ்டுக்குப் பேர் மலஸீஸியா பாக்கிடெர்மாட்டிஸ். இதை 1925-ல வீட்மன்ங்கறவர் முதல்ல பிரிச்சு எடுத்தது எதுல இருந்து தெரியுமா? தோல் வியாதி வந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்துல இருந்து. பாக்கிடெர்ம்னா தடித்தோல் மிருகம், பேரே அப்படித்தான் வந்துச்சு. நாய்த் தோலுக்குப் பெரிய புத்தகம்னா முல்லர், கிர்க் ரெண்டு பேரும் 1969-ல கொண்டுவந்தது. உடம்போட அமைப்புக்கு 1964-ல வந்த மில்லரோட அனாட்டமி. ரெண்டுமே டாக்டருக்குப் படிக்கிறவங்க புத்தகம், விலையும் அப்படி. காசு கொடுத்து வாங்க வேணாம். லைப்ரரியில உக்காந்து தோல், காது, நகம் பத்தின பக்கங்களை மட்டும் படிச்சு நோட்ல எழுதிக்கிட்டா போதும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல சைதாப்பேட்டையில ஆரம்பிச்சது. 1989-ல தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் வந்துச்சு. விவசாயிகளுக்காகத் தமிழ்ல கையேடு போடறாங்க. ஆடு, மாடு, கோழின்னுதான் அதிகம். நியாயம்தான், மாட்டு வாகடம் காலத்துல இருந்து அதே கணக்குதானே.

இந்த அலமாரியில இன்னும் ஒரு விஷயம், வெறிநாய்க்கடி. குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907-ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி நாய் கடிச்சா ஊசிக்கு சிம்லா பக்கம் கசௌலிக்கோ, பாரிஸுக்கோ ஓடணும். இன்னைக்கு ஊசி பக்கத்து ஆஸ்பத்திரியிலயே இருக்கு. ஆனா கடிச்ச உடனே சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும்ங்கறது, இந்த வேலை செய்யறவங்க பல பேருக்கே தெரியலை. மிருகங்களோட வேலை பார்க்கறவங்க கடி வாங்கறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டு வெச்சுக்கலாம்ங்கறதும் தெரியலை. இதுக்குப் புத்தகம்கூட வேணாம், செவத்துல ஒட்டற ஒரு பேப்பர் போதும்.

நம்ம நாய் எங்க?

2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு பக் நாய் பையன் பின்னாடியே ஓடிச்சு, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் ஊரெல்லாம் பக். மூக்கு சப்பை, மூச்சு விடறதே கஷ்டம், அதைச் சூடான டிரையர்ல கூண்டுக்குள்ள வெச்சா என்ன ஆகும்னு யோசிக்காமலேயே வாங்கினாங்க. அதே ஊர்ல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு வெயிலுக்குன்னே பொறந்த நாய்கள் இருந்துச்சு. முடி குட்டை, சிக்கு விழாது, ரப்பர் பிரஷ்ல தேய்ச்சு விட்டா முடிஞ்சுது.

இந்திய நாய்களைப் பத்தி 1963-ல டபிள்யூ. வி. சோமன் எழுதின 'தி இந்தியன் டாக்' பம்பாயில வந்துச்சு. அப்புறம் சொல்லிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வர அரை நூற்றாண்டு ஆச்சு. 2017-ல சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு புத்தகம் கொண்டுவந்தார். சினிமா வரலாறு எழுதின, தபால் துறையில பெரிய அதிகாரியா இருந்த அதே பாஸ்கரன்தான். அவர் தமிழ்லயும் நாயினங்களைப் பத்தி எழுதியிருக்கார். தபால் துறைன்னதும் இன்னொண்ணு, 2005 ஜனவரி 9-ஆம் தேதி இந்தியத் தபால் துறை நாலு நாய்களுக்கு ஸ்டாம்பு போட்டுச்சு. அதுல ஒண்ணு நம்ம ராஜபாளையம். அமெரிக்கன் கென்னல் கிளப் பட்டியல்ல இல்லாத நாய் இந்திய ஸ்டாம்புல இருக்கு.

ஆக அலமாரி எப்படி?

தம்பிக்கு நான் கடைசியா எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். இருக்கற ஒரு கிளிப்பரே போதும், நல்ல 10-ஆம் நம்பர் பிளேடு மட்டும் இன்னொண்ணு வாங்கு, சூடானா மாத்திக்கலாம். முடி வெட்டற ஸ்டைலுக்கு ஒரே ஒரு நல்ல படப் புத்தகம், காசு கொடுத்து வாங்க வேண்டியது அது ஒண்ணுதான். தோல், காது, உண்ணி விஷயத்துக்கு லைப்ரரி. 2010-ல திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல தேடு, 1896-ல இருந்து இருக்கற எழும்பூர் கன்னிமாராவுலயும் தேடு. நம்ம நாய்களுக்குப் பாஸ்கரன். மிச்சக் காசை வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு எடுத்து வை.

பழைய புத்தகத்துக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. ரேடியல் ரோடு புடிச்சா பள்ளிக்கரணையில இருந்து நேரா போயிடலாம். அங்க ஒரு வரிசையில நாய்க்குட்டி, இன்னொரு வரிசையில பழைய புத்தகம். பெருசுங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு மூர் மார்க்கெட் ஞாபகம் வரும். 1900-ல சென்ட்ரல் பக்கத்துல கட்டின அந்த மார்க்கெட்லயும் புத்தகமும் நாய்க்குட்டியும் ஒரே கூரைக்குக் கீழ வித்துச்சு. 1985 மே 30 தீ விபத்துல எல்லாம் போச்சு.

லிஸ்ட்ல கடைசியா ஒரு 200 பக்க நோட்டும் சேர்த்தேன். வர்ற ஒவ்வொரு நாய்க்கும் அரைப் பக்கம், தமிழ்ல. என்ன இனம், என்ன வயசு, எந்த பிளேடு போட்டான், சிக்குக்கு அடியில தோல் எப்படி இருந்துச்சு, உண்ணி எங்க இருந்துச்சு, அடுத்த தடவை வந்தப்போ முடி எப்படி வளர்ந்திருந்துச்சு. ரெண்டு வருஷம் எழுதினா, சதுப்பு நிலத்து ஈரத்துலயும் மெட்ராஸ் வெயில்லயும் எந்த நாய்க்கு என்ன செய்யணும்ங்கறதுக்கு எந்த அமெரிக்காக்காரன்கிட்டயும் இல்லாத ஒரு புத்தகம் அவன்கிட்ட இருக்கும்.

இது ஓவர் பில்டப்புன்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம். கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தார். தொழில், சைன்போர்டு எழுதறது. புத்தகம், பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க குப்பைன்னு தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்து வெச்சார். அவர் காலத்துக்கு அப்புறம் 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, இங்கேயே நூலகமா ஆக்கறதுக்கு வழி பண்ணுச்சு. இன்னைக்குத் தமிழ் அச்சு வரலாறு எழுதணும்னா யாரா இருந்தாலும் தரமணியில இருக்கற அந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்த்தான் ஆகணும். பள்ளிக்கரணையில இருந்து பக்கம்தான்.

கடைசியா உங்ககிட்ட ஒரு உதவி. உங்க தாத்தா பாட்டி வீட்டுப் பரண்ல, ஊர்ல, எங்கயாவது நாய் வளர்ப்பு, நாய் வைத்தியம் பத்தித் தமிழ்ல பழைய புத்தகமோ, கையெழுத்து நோட்டோ இருந்தா சொல்லுங்க. ராஜபாளையம், கோம்பை பக்கத்து மக்கள் ஸ்பெஷலா கேட்டுப் பாருங்க. வேட்டை நாய் வளர்த்த குடும்பங்கள்ல உண்ணிக்கு என்ன போட்டாங்க, சொறிக்கு என்ன தடவினாங்கன்னு யாராவது பெரியவங்க சொன்னா அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதி அனுப்புங்க. அதை அப்படியே நாய் மேல தடவிப் பார்க்க மாட்டோம், கால்நடை டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டுதான். ஆனா முதல்ல எழுதி வெச்சுடுவோம்.